ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு!

கணினி கேள்வி – பதில்

எங்கள் டெஸ்க்டாப் வாங்கி 5 வருடம் ஆகிறது. பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா?
– வாசகர், தென்காசி

போர்டு வாங்கும் முன் ஒரு வெள்ளை ரப்பர் வாங்குங்கள், பென்சில் அழிக்கிறதுதான். நம் ஊர் ஈரப்பதத்தில் ரேமின் (மதர்போர்டில் செருகியிருக்கும் நீள நினைவகப் பட்டை) பற்களில் மெல்லிய படலம் படிந்துவிடும். அது போதும், திரை இருண்டுபோக.

முதலில் பிளக்கையே பிடுங்குங்கள்; சுவிட்சை அணைப்பது போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கப் பலகையைக் கழற்றி, கேபினெட்டின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ரேமின் இரு முனையிலும் உள்ள கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானாக மேலே எழும்பும் (சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கொக்கி). பொன்னிறப் பற்களை ரப்பரால் இருபக்கமும் லேசாகத் தேய்த்து, துகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது. ஸ்லாட்டில் உள்ள தூசியைப் புது பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூசி போகிற இடத்தில் எச்சில் போய் உட்காரும்.

திரும்பப் பொருத்தும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரேமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் ஒத்துப்போக வைத்து, இரு முனையிலும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் ரேமுக்கும் இதே இருட்டுத் திரைதான். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள்.

அப்போதும் வரவில்லையா? பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் உள்ள தனி மின்கம்பி ஒன்று செருகியிருக்கும். அது கழன்றிருந்தாலும் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், படம் வராது. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, போர்டில் உள்ள வட்ட பேட்டரி. சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அதை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். போடும் முன் மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

மதர்போர்டுக்குத் தீர்ப்பு எழுதும் முன் இன்னொரு சோதனை உண்டு. போர்டில் ஸ்பீக்கர் என்று குறித்த பின்களில் சின்ன பஸ்ஸர் ஒன்றை மாட்டி, ரேமை முழுவதும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். 'பீப் பீப்' என்று அலறினால் போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன, ரேம் எங்கே என்று கேட்கின்றன. சத்தமே இல்லையென்றால் சந்தேகம் போர்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மூன்றின் மேலும் விழுகிறது. ஃபேன் சுற்றுவதால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று ஆகிவிடாது. வேறொரு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்தாரா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றியும் போகவில்லை.
– வாசகி, பண்ருட்டி

புது எஸ்எம்பிஎஸ்ஸும் அதையேதான் செய்யும், அது அப்படித்தான் தயாரிக்கப்படுகிறது. மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேபினெட்டிலேயே நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீரோடு போகிறது. ஆனால் உள்ளே நிஜமாகவே ஒரு கம்பி உடலைத் தொட்டால் அதை வெளியேற்ற வழி கிடையாது. அன்றைக்கு உங்கள் கைதான் எர்த்.

ஆக, கோளாறு கணினியில் இல்லை, வயரிங்கில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து தொடங்குங்கள். மலிவானவற்றில் வெளியே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே வரும் வயரில் இரண்டே கம்பிதான். பிளக்கைத் திறந்து பார்த்தால் பெரிய பின் வெறுமனே நிற்பது தெரியும். அது சரியாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவர் சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் இணைப்பு இருக்கிறது. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ எர்த் குழியைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும், பதற வேண்டாம். கோடையில் கரியும் உப்பும் போட்ட குழி காய்ந்து எர்த் பலவீனமாவது வழக்கம். தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து 'சரி பண்ணிட்டேம்மா' என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். என்றாவது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வந்துவிடும்.

2016-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் ஆக ஆறு நிமிடம். இனி விண்டோஸ் 10 பயன்படுத்தக் கூடாது என்கிறார்களே, தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், காரைக்குடி

இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வேகத்தை முதலில் பார்ப்போம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டிஸ்க்' என்ற பத்தி 100 சதவீதத்திலேயே நின்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டில் முள் இங்குமங்கும் ஓடி, நூறு சின்னச் சின்ன ஃபைல்களைப் பொறுக்க வேண்டியிருக்கிறது. சிப்பிலேயே பதியும் எஸ்எஸ்டியில் ஓட முள்ளே இல்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், 4 ஜிபியை 8 ஆக்க ஒரு ரேமும் போட்டால் ஆறு நிமிடம் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும்.

ரேம் வாங்கும்போது கவனம். ஆறாம் தலைமுறை லேப்டாப்களில் டிடிஆர்3எல் போட்டதும் உண்டு, டிடிஆர்4 போட்டதும் உண்டு; ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் வேகம் தெரியும். 1600 என்றால் டிடிஆர்3எல், 2133 என்றால் டிடிஆர்4. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும்.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க யூஎஸ்பி–சாட்டா கேபிள் ஒன்று போதும். 1 டிபி டிஸ்க்கை 512 ஜிபி எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கலாம், உள்ளே நிரம்பியிருப்பது அதற்குள் அடங்கினால். ஆனால் நகலெடுக்கும் முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்துக்குப் பதில் மஞ்சள் காட்டினால், நகலெடுப்பதை ஒத்திவைத்துவிட்டு முதலில் கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன் போன்றவற்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். சாகப்போகிற டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும்.

இனி விண்டோஸ். 14.10.2025 அன்று விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் நின்றது. வீட்டுப் பயனாளிகளுக்கு நீட்டிப்புத் திட்டம் ஒன்று 13.10.2026 வரை உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதியலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வம். தடையைத் தாண்டி ஏற்றும் வழிகள் இருக்கின்றன, ஏற்றவும் ஏறும். ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. வங்கி வேலை செய்கிற கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம். பிரவுசர், யூடியூப், கடிதம் டைப் செய்வது இவ்வளவுதான் உபயோகம் என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போடுங்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்தால் மட்டும் நிறுவலாம். கணக்கு எழுதும் டேலி மாதிரி விண்டோஸ் மென்பொருள்தான் பிழைப்பு என்றால் மின்ட் உங்களுக்கில்லை.

512 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால் 476 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், ஓசூர்

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 1 டிபி என்றால் 931 காட்டும். ஆனால் சில நூறு ரூபாய்க்கு '2 டிபி பென் டிரைவ்' என்று விற்கிறார்களே, அது ஏமாற்றுதான்: 2 டிபி என்று காட்டும், உள்ளே சில ஜிபிதான் இருக்கும், நிரம்பியதும் பழைய ஃபைல்மேல் எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள்; குட்டு வெளிப்படும்.

ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி டெஸ்க்டாப் மிகக் குறைந்த விலைக்கு விளம்பரம் செய்கிறார்கள். மகள் கல்லூரிக்கு வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

எந்த ஐ7? கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான். ஐ7-3770 என்றால் 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை. ஐ7 என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை: 3770 மூன்று, 8700 எட்டு, 12700 பன்னிரண்டு. நான்கு கோர் உள்ள ஐ3-12100, அந்தப் பழைய ஐ7-ஐ அநாயாசமாக முந்திவிடும், விண்டோஸ் 11-உம் ஏறும். செகண்ட் ஹேண்டில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்.

புதிதாக அசெம்பிள் செய்தால் எண்ணின் கடைசி எழுத்தையும் படியுங்கள். 12100-க்கும் 12100எஃப்-க்கும் விலை வித்தியாசம் இருக்கும்; எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு போடாமல் மானிட்டரில் ஒன்றும் வராது. ஏஎம்டி கம்பெனி பிராசஸர்களில் 5600ஜி-யில் படம் வரும், வெறும் 5600-இல் வராது. கொட்டேஷனில் எஸ்எம்பிஎஸ் எதிரே '450 வாட்' என்று மட்டும் எழுதியிருந்தால் கம்பெனி, மாடல் கேட்டு எழுதி வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் உங்கள் ஊரில் வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் இருக்க வேண்டும். வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

பாமினியில் அடித்த இருபது வருடக் கட்டுரைகள் வேர்ட் ஃபைல்களாக இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் குப்பை.
– வாசகர், யாழ்ப்பாணம்

குப்பையில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளின் முகத்தைத் தமிழாக வரைந்து வைத்த எழுத்துரு பாமினி. நீங்கள் பார்க்கும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தும் பாமினியில் 'அம்மா'. எழுத்துருவை நிறுவினால் உடனே படிக்கலாம்: எழுத்துரு ஃபைல்மேல் ரைட் கிளிக், இன்ஸ்டால்.

ஆனால் தேடவோ வாட்ஸ்அப்பில் அனுப்பவோ, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய. சிக்கல், கட்டுரைக்குள் ஆங்கிலச் சொற்கள் கலந்திருக்கும்போது: முழுதாக ஒட்டி மாற்றினால் அவையும் தமிழ்க் கந்தலாகிவிடும். வேர்டில் 'ஃபைண்ட்' பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தைக் காலியாக விட்டு, ஃபார்மட், ஃபான்ட் என்று போய்ப் பாமினியைத் தேர்ந்தால் பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் பிடிக்கும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். 'ஸ்ரீ', 'க்ஷ' போன்றவற்றையும் மேற்கோள்குறிகளையும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், மாற்றிகள் சறுக்குவது அங்கேதான். மூல ஃபைல்களை அழிக்க வேண்டாம்.

விரல் பாமினிக்குப் பழகிவிட்டதே என்ற கவலையும் வேண்டாம். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையிலேயே அடித்து யூனிகோடாகப் பெறலாம்.

யுபிஎஸ் 600 விஏ. கரன்ட் போனதும் கணினி உடனே அணைகிறது. லேசர் பிரிண்டரும் அதில்தான் இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பிரிண்டரை இன்றைக்கே சுவர் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். 600 விஏ என்பது ஏறக்குறைய 360 வாட்தான். லேசர் பிரிண்டர் தாளைச் சூடேற்றும் கணத்தில் அதைவிட அதிகம் இழுக்கும். அதன் பிறகும் அணைந்தால் பேட்டரி. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்–ஹவர் பேட்டரி. ஆயுள் இரண்டு மூன்று வருடம். யுபிஎஸ்ஸை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி வயர்களைக் கழற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. எடுத்துப் பார்க்கும்போது பக்கவாட்டில் உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம். புதிது போடும்போது சிவப்பு வயர் பிளஸ்ஸில். மாற்றி மாட்டினால் போர்டு கருகும். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிடுங்கள், ஈயத்துக்காக எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள்.