படித்த மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாதா?

கேள்வி: பி.எட். முடித்து ஆசிரியையாக இருந்தேன். மகன் பிறந்ததும் வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது விவாகரத்து வழக்கு நடக்கிறது. கணவருக்குக் கையில் வருவது மாதம் 80,000 ரூபாய். "நீ படித்தவள், கோர்ட்டில் ஒரு பைசா கிடைக்காது. என் சம்பளத்தில் பாதி வீட்டுக் கடனுக்கே போகிறது" என்கிறார். உறவினர்களோ 25 சதவீதம் நிச்சயம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பக்கமும் பாதி கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். உங்களுடையது இந்து திருமணச் சட்டப்படியான திருமணம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2017இல் ஒரு வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த எண் மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. கணவர் மறுமணம் செய்து அதில் குழந்தையும் இருந்ததால், மாதம் 23,000 ரூபாயாக இருந்த ஜீவனாம்சத்தை 20,000 ஆகக் குறைத்ததுதான் அந்த வழக்கின் முடிவு. அதை யாரும் சொல்வதில்லை!

படிப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். சம்பாதிக்கும் தகுதி வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. குழந்தைக்காக வேலையை விட்டதும், இத்தனை வருட இடைவெளியும் உங்கள் பக்கம் பேசும். ஆனால் வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டே வருமானம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் அது தெரிந்துவிட்டால், மற்ற உண்மைகளும் எடுபடாமல் போகும்.

அப்புறம் வீட்டுக் கடன். வருமான வரி, பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களைக் கழிப்பார்கள். தன் பெயரில் சொத்து சேர்க்க வாங்கிய கடனைப் பொதுவாக அப்படிக் கழிப்பதில்லை. நீங்களும் மகனும் அதே வீட்டில் குடியிருந்தால் கதை வேறு. வாடகை மிச்சமாவதையும் பார்ப்பார்கள்.

தொகையைத் தீர்மானிப்பதில் வாதத்தைவிடக் காகிதங்களுக்குத்தான் பலம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். பள்ளிக் கட்டணம், வாடகை, மருந்து என ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். அதனால் விவாகரத்து முடியட்டும் என்று காத்திருக்காமல், இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இடைக்கால மனுவை இப்போதே போடுங்கள். மகனின் செலவைத் தனியாகக் கேளுங்கள்.

நிரந்தர ஜீவனாம்சம் 25ஆம் பிரிவில் வரும். மாதத் தொகையாகவும் கேட்கலாம், மொத்தமாகவும் கேட்கலாம். மாதத் தொகை என்றால், நீங்கள் மறுமணம் செய்தால் அதை நிறுத்தக் கோரி கணவர் மனு போடலாம். விலைவாசிக்கேற்ப உயரவும் வழி கேளுங்கள். 2025இல் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாயும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் கொடுத்தது உச்ச நீதிமன்றம்.