பை யார் கையில்?

கேள்வி: களியக்காவிளையில் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையும் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் பாறசாலைப் பக்கத்து மலையாள சி.எஸ்.ஐ. சபையும் சேர்ந்து, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக் கேரல் போவதாக ஏற்பாடு. பாட்டு எந்த மொழி, காணிக்கைப் பை யாரிடம் என்று முதல் கூட்டத்திலேயே முறைத்துக்கொண்டோம். விட்டுவிடலாமா?

பதில்: ஏன் விடணும்? 1956 வரை இரண்டு ஊரும் ஒரே மாநிலம், சி.எஸ்.ஐ. சபைகளின் கன்னியாகுமரிப் பேராயம் (மண்டலம்) தனியானதே 1959-இல்தான். பாட்டு பெரிய விஷயமில்லை, ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் மலையாளம். பைதான் சிக்கல். பைபிளில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்கு பேசும் விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்ததும் ஏழு பேரை நியமித்தார்கள், பெயர்களைப் பாருங்கள், ஏழும் கிரேக்கப் பெயர். குறைப்பட்டவர்கள் கையிலேயே பொறுப்பு! சரி, இந்த வருடம் பை பாறசாலைக்காரர்களிடம் இருக்கட்டும், கணக்கு மட்டும் இரண்டு மொழியிலும். கட்டன் சாயா யார் செலவு என்பதில் நான் தலையிடவில்லை.