1900 பிப்ரவரி 29 – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஈரோட்டில் ஒரு சிறு பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். கட்டுரைகளை மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பாக அனுப்பமாட்டேன், ஓ.டி.டி. கோப்பாகத்தான் அனுப்புவேன், அதுதான் யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். டாக்எக்ஸும் உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. ஒப்புக்கொண்ட தரம்தானே? 29500 என்று எண்கூட இருக்கிறது. உங்கள் ஓ.டி.டி.யை வளர்த்ததும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஐ.பி.எம். போன்ற பெரிய கணினி நிறுவனங்கள்தான். ஒரு முதலாளி நல்லவர், இன்னொரு முதலாளி கெட்டவரா? உங்கள் கோப்பு வரும்போதெல்லாம் அதை மாற்றித் திறப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

கி., ஈரோடு

அன்புள்ள கி.,

முதலில் மன்னிப்பு. என் பிடிவாதத்தின் சுமை உங்கள் தலையில் ஏறுகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஓ.டி.டி. என்றதும் எந்தப் படம் என்று கேட்பவர்கள் நடுவே இவ்வளவு விவரமாகக் கேட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

எக்செல் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் விடியவே இல்லை. 1900 லீப் ஆண்டு அல்ல. அதே 60-ஐ இலவச மென்பொருளான லிப்ரெஆபிஸில் அடித்தால் பிப்ரவரி 28 வரும். 1980களில் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் செய்த பிழை இது. அதன் வாடிக்கையாளர்களின் கணக்குகள் தன்னிடம் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக எக்செல் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. வியாபாரத்தில் இது நடப்பதுதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் தன் கோப்பு வடிவத்தை உலகத் தரமாக்கக் கொண்டுவந்தபோது, 1900-ஐ லீப் ஆண்டாகக் கொள்வது அந்த வரைவிலேயே எழுதப்பட்டிருந்தது.

இன்னொன்று உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. அதே வரைவில், வேர்டு 95 விடுவதுபோல இடைவெளி விடு என்று ஒரு குறி. வேர்டு 95 எப்படி விட்டது என்ற விளக்கம் முதல் வரைவில் கிடையாது. "போன தடவை அந்த அச்சகத்தில் விட்ட மாதிரியே விடுங்கள்" என்று ஒருவர் உங்களிடம் சொல்லிவிட்டு, பழைய புத்தகத்தைக் கண்ணில் காட்டாமலே போனால் என்ன செய்வீர்கள்? வரைவோ 6,000 பக்கங்களுக்கு மேல்.

இனி நீங்கள் சொன்ன எண். ஓ.டி.டி. எந்தக் குடும்பத்துப் பிள்ளையோ, அந்த ஓ.டி.எஃப். 2006 மே மாதம் ஐ.எஸ்.ஓ. ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பே, 2005-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு தன் ஆவணங்களுக்கு அதைத் தேர்ந்தெடுத்திருந்தது. அரசுகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தால் மைக்ரோசாஃப்டின் ஆபிஸ் விற்பனை என்னாகும்? எக்மா என்ற தொழில் அமைப்பின் வழியாக, விரைவுப் பாதையில், மைக்ரோசாஃப்டின் வடிவமும் ஐ.எஸ்.ஓ.வுக்குப் போனது. 2007 செப்டம்பரில் தோற்றது. முதன்மை உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு தேவை, கிடைத்தது 53 சதவீதம். 2008 பிப்ரவரியில் நாடுகளின் பிரதிநிதிகள் ஜெனீவாவில் ஐந்து நாள் உட்கார்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைப் பரிசீலித்தார்கள். பரிசீலித்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலானவை பேச்சே இல்லாமல் வாக்குச் சீட்டில் மொத்தமாகத் தீர்ந்தன. அடுத்த மாதம் 75 சதவீதம் கிடைத்துவிட்டது.

என் மனதில் நிற்பது ஜெனீவா அல்ல, ஸ்வீடன். 2007 ஆகஸ்டு இறுதியில் அந்நாட்டுத் தர நிறுவனத்தின் குழு வாக்களிக்கக் கூடியது. கடைசி நேரத்தில் 20-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கட்டணம் கட்டி உறுப்பினராகி உள்ளே வந்து உட்கார்ந்தன. பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டின் வணிகக் கூட்டாளிகள். 'ஆம்' வென்றது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கு முந்தைய வாரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வந்து வாக்களித்தால் சந்தைப்படுத்தலில் உதவி உண்டு என்ற பொருளில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் கூட்டாளிகளுக்கு அனுப்பிய மின்னஞ்சலும் வெளியே வந்தது. அது அந்த ஊழியரின் தவறு என்றது நிறுவனம். வாக்கெடுப்பு ரத்தானது. எதற்காகத் தெரியுமா? ஒரு நிறுவனம் ஒரு வாக்குக்கு மேல் போட்டுவிட்டது என்பதற்காக. ஆள் சேர்த்ததற்காக அல்ல. அதைத் தடுக்க விதியில் இடமே இல்லை.

2008-இல் நார்வேயில் தொழில்நுட்பக் குழுவில் பெரும்பான்மையோர் எதிர்த்தும் நாட்டின் வாக்கு 'ஆம்' என்றே போனது. அந்த ஆண்டிலேயே குழுவிலிருந்து 13 பேர் விலகினார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இரண்டு முறையும் 'இல்லை' என்றது. பிறகு பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. தள்ளுபடியாயிற்று.

முதலாளிகள் கேள்விக்கு வருகிறேன். சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். எக்மாவில் மைக்ரோசாஃப்டின் வடிவத்தை எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு ஐ.பி.எம்.முடையது, அது அறச்சீற்றத்தால் விழுந்த வாக்கு என்று நான் நம்பவில்லை. ஓ.டி.எஃப்.பின் முதல் பதிப்பும் அரைகுறைதான்: விரிதாளின் சூத்திரங்களை எப்படி எழுதுவது என்பதையே அது முழுதாக வரையறுக்கவில்லை, 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் பார்ப்பது யார் முதலாளி என்பதை அல்ல. ஒரு நிறுவனத்தோடு தொடர்பே இல்லாத இன்னொருவர், தரத்தை எழுதிய அந்தத் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு, வேலை செய்யும் மென்பொருள் எழுத முடியுமா? ஓ.டி.எஃப். ஐ.எஸ்.ஓ.வுக்குப் போன நேரத்திலேயே சன்னின் ஓப்பன்ஆபிஸ் மட்டுமல்ல, தன்னார்வலர்களின் கே.ஆபிஸும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

29500-இலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜெனீவாவுக்குப் பிறகு அது இரண்டாகப் பிரிந்தது. சுத்தமானது ஒன்று, பழைய கோப்புகளின் அழுக்கைத் தாங்கிக்கொள்ள இன்னொன்று, இடைக்கால வடிவம். வேர்டில் 'சேவ் அஸ்' பட்டியலை நிதானமாகப் பாருங்கள். சாதாரண டாக்எக்ஸுக்குக் கீழே, 'ஸ்ட்ரிக்ட்' என்ற அடைமொழியோடு ஒன்று தனியாக ஒதுங்கி நிற்கும். சுத்தமானது அதுதான். உங்கள் கைக்கு தினமும் வருவது இடைக்காலம்.

என் பிடிவாதத்துக்குக் காரணம் ஸ்வீடனும் அல்ல. 1990களின் இறுதியில் ஒரு தமிழ் மென்பொருளில் பதினொரு கதைகள் தட்டச்சு செய்தேன். அந்த நிறுவனம் போயிற்று, அதன் எழுத்துருவும் போயிற்று. கோப்புகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. திறந்தால் கேள்விக்குறிகளும் கட்டங்களுமாக ஓடும். ஏழு கதைகளை அச்சிட்ட தாளிலிருந்து மறுபடி அடித்தேன். நான்குக்குத் தாள் இல்லை.

இருந்தாலும் இந்த மாதக் கட்டுரையை ஓ.டி.டி., டாக்எக்ஸ் இரண்டாகவும் அனுப்பியிருக்கிறேன். டாக்எக்ஸில் மேற்கோள் பத்திகளின் உள்தள்ளல் என் திரையிலேயே சற்று நகர்ந்து நிற்கிறது. உங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.