நாஷ்வில்லில் பாட்டு எழுதுவதா, கிட்டார் வாசிப்பதா?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். 22 வயது மகன் கிட்டார் நன்றாக வாசிப்பான், கன்ட்ரி பாடல்களும் எழுதுகிறான். கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில்லுக்குப் போயே தீருவேன் என்கிறான். பாடலாசிரியர், ஸ்டூடியோவில் வாசிக்கும் செஷன் கலைஞர், இரண்டில் எதை நம்பிப் போகலாம்?

பதில்: போகட்டும். முதல் சில வருடங்கள் வயிற்றுப்பாட்டுக்குக் கிட்டாரை நம்பட்டும், எழுதுவதையும் விட வேண்டாம்.

செஷன் வேலைக்கு அன்றன்று கூலி. வழக்கமாகக் காலை 10, மதியம் 2, மாலை 6 என்று மூன்று மணி நேர செஷன்கள். இசைக்கலைஞர் சங்கத்தின் நாஷ்வில் கிளையான லோக்கல் 257-இன் ஒப்பந்தப்படி நடந்தால் குறைந்தபட்சக் கூலி உறுதி, செஷன் லீடருக்கு இரட்டிப்பு. டெமோவுக்கு, அதாவது புதுப் பாட்டைப் பாடகர்களுக்குப் போட்டுக் காட்டச் செய்யும் மாதிரிப் பதிவுக்கு, கூலி குறைவு. ஆனாலும் அங்கேதான் பாடலாசிரியர்கள் அவன் வாசிப்பைக் கேட்பார்கள். அடுத்த அழைப்பு அப்படித்தான் வரும்.

போகும் முன் அவன் கற்க வேண்டியது நாஷ்வில் நம்பர் சிஸ்டம். ஜி ஸ்கேலில் ஜி, சி, டி கார்டுகளை அங்கே 1, 4, 5 என்று எழுதுவார்கள். பாடகர் அரை சுருதி ஏற்றச் சொன்னாலும் தாளில் எதையும் மாற்ற வேண்டாம், நம் ஸ்வரங்கள் மாதிரி. டெமோவை ஒருமுறை கேட்டதும் இந்த எண்களில் சார்ட் (கார்டு வரிசைத் தாள்) எழுதி, உடனே வாசிக்கத் தெரிய வேண்டும்.

பாடலாசிரியர் வருமானம்தான் பலருக்குப் புரிவதில்லை. பாடல் உரிமையைக் கையாளும் மியூசிக் பப்ளிஷர் மாதாமாதம் தரும் 'டிரா' சம்பளம் மாதிரி தெரியும்; உண்மையில் அது வரப்போகும் ராயல்டியில் கழிக்கப்படும் முன்பணம். ஒரு கணக்கைப் பாருங்கள். 2024-இல் சிடி, டவுன்லோடுக்குச் சட்டப்படியான ராயல்டி பாட்டுக்கு 12.4 சென்ட். ஒரு லட்சம் ஆல்பம் விற்றால் 12,400 டாலர். பப்ளிஷர் பாதி எடுத்தால் மிச்சம் 6,200. மூவர் சேர்ந்து எழுதியிருந்தால் ஆளுக்குச் சுமார் 2,067 டாலர், அதிலும் முன்பணம் கழியும். அப்புறம், ஆல்பத்தில் ஒரு மூலையில் கிடக்கும் பாட்டுக்கு இதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் வராது.

நல்ல பணம் ரேடியோ ஹிட்டில்தான். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோ பாடலாசிரியருக்கும் பப்ளிஷருக்கும் ராயல்டி தரும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தராது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அவன் எழுதுவதைக் கைவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

அதனால் இந்த ரேடியோ ராயல்டியை வசூலித்துத் தரும் அமைப்புகளான ஆஸ்கேப், பிஎம்ஐ இரண்டில் ஒன்றில் சேரட்டும். பப்ளிஷர் இல்லாதவரை ஸ்ட்ரீமிங்கில் பாட்டு ஓடுவதற்கான மெக்கானிக்கல் ராயல்டிக்கு, அதை வசூலித்துத் தரும் எம்எல்சி அமைப்பில் அவனே பதிய வேண்டும். சேர்ந்து எழுதினால் அறையில் இருந்தவர்களுக்குச் சமபங்கு என்பது ஊர் வழக்கம். சரி என்று வாயால் சொல்லிக் கலையாமல், யாருக்கு எவ்வளவு என்பதை அன்றைக்கே எழுதி வைக்கட்டும். பாடலாசிரியர்கள் பாடும் புளூபேர்ட் கஃபேயில், புதியவர்களும் மேடையேறும் திங்கட்கிழமை ஓப்பன் மைக்கில் பாடிப் பழகலாம்.

பப்ளிஷர் ஒப்பந்தம் நீட்டினால், இசைத்துறை தெரிந்த, உங்கள் பக்கம் நிற்கும் வழக்கறிஞர் படித்த பிறகே கையெழுத்து. எத்தனை வருடப் பாடல்கள், எவ்வளவு உரிமை கைமாறுகின்றன என்ற பத்திகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.