பகைவனின் கழுதை

கேள்வி: யூதர்கள் வாரந்தோறும் தோராவிலிருந்து (பைபிளின் முதல் ஐந்து நூல்களிலிருந்து) ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அன்றாட வாழ்க்கையின் ஒழுக்கச் சிக்கல்களை அதை வைத்தே விவாதிக்கிறார்கள் என்று படித்தேன். கழுதையையும் காளையையும் பற்றிய சட்டங்களில் இன்றைய மனிதனுக்கு என்ன விடை கிடைத்துவிடும்? என்னைப் பற்றி மேலாளரிடம் கோள் சொன்ன சக ஊழியர் ஒருவர் மாதக் கடைசியில் கணக்கை முடிக்க முடியாமல் திணறுகிறார். நான் உதவ வேண்டுமா, வேண்டாமா? நேரே ஒரு நீதிநூலைப் புரட்டுவது இதைவிட எளிதல்லவா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் ஏளனமாகச் சொன்ன அந்தக் கழுதையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அலுவலகச் சிக்கலுக்கு அதைவிட நெருக்கமான சட்டம் ஒன்றை நான் அறியேன். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையின் கீழ் விழுந்துகிடப்பதைக் கண்டால் நீ விலகிப் போகக் கூடாது, அவனோடு சேர்ந்து அதை விடுவிக்க வேண்டும் என்கிறது யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தின் 5ஆம் வசனம். ‘மிஷ்பாத்திம்’ என்ற வாரப் பகுதியில் இது வருகிறது.

பகைவனுக்கும் நன்மை செய் என்று நீதிநூல் ஒரே அடியில் சொல்லிவிடும். நாமும் மனப்பாடம் செய்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விடுவோம். தோராவின் சட்டங்களை விவாதிக்கும் பழைய யூதத் தொகுப்பான தல்மூதின் அறிஞர்கள் அந்த ஒற்றை வசனத்தை அவ்வளவு எளிதில் விடவில்லை. கழுதைக்காரன் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, “உதவுவது உன் கடமைதானே, நீயே இறக்கு” என்றால் என்ன செய்வது என்று கேட்டார்கள். வசனம் ‘அவனோடு’ என்கிறது, ஆகவே அவன் கைகொடுக்காதபோது உனக்குக் கடமை இல்லை என்று முடிவு சொன்னார்கள். அத்துடன் நிற்காமல், அவன் முதியவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் நீ தனியாகவே இறக்கியாக வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அடுத்து இன்னும் கடினமான ஒரு நிலையை எடுத்துக்கொண்டார்கள். ஒருபுறம் நண்பனின் விலங்கிலிருந்து சுமையை இறக்க வேண்டும், மறுபுறம் பகைவனின் விலங்கின்மேல் சுமையை ஏற்ற வேண்டும்; யாரிடம் முதலில் போவது? வாயில்லாப் பிராணி துன்பப்படுகிறது என்பதால் இறக்குவதற்கே பொதுவாக முதலிடம். ஆனாலும் இங்கே பகைவனிடம்தான் முதலில் போக வேண்டும் என்கிறது தல்மூதின் பாவா மெத்ஸியா என்னும் பகுதி. அதற்கு அது சொல்லும் காரணம், உன் உள்ளத்தில் இருக்கும் தீய உந்துதலை நீ அடக்கிப் பழக வேண்டும் என்பதே.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். அவர் கோள் சொன்னார் என்பதை மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அவர் தம் மேசையில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருக்கிறாரா, வேலையைப் பிறர் தலையில் கட்டிவிட்டு ஆறு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாரா என்பதை எழுதவில்லை. வீட்டில் நோயோ வேறு துன்பமோ அவரை அழுத்துகிறதா என்பதையும் எழுதவில்லை. கழுதைச் சட்டத்தைப் படித்தவர் முதலில் கேட்கக்கூடியவை இவைதான். உங்கள் கோபம் நியாயமானதா என்ற விசாரணைக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அவன் பகைவன் என்பதை அது மறுக்காமல் ஏற்றுக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறது.

இதே வாரப் பகுதிக்கு தன்ஹூமா என்ற பழைய மித்ராஷ் (வேத விளக்க) தொகுப்பு ஒரு கதை சொல்கிறது. ஒருவரையொருவர் வெறுத்த இரண்டு கழுதைக்காரர்களில் ஒருவனுடைய கழுதை வழியில் சுருண்டு விழுகிறது. மற்றவன் கடந்து போய்விடுகிறான். பிறகு இந்தச் சட்டம் நினைவுக்கு வரவே, திரும்பி வந்து கைகொடுக்கிறான். சுமையை இறக்கி ஏற்றும்போது பேச்சுக் கொடுக்கிறான். இவன் என்மேல் இவ்வளவு அன்பு வைத்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று விழுந்த கழுதையின் சொந்தக்காரன் நினைக்கிறான். இருவரும் ஒரு சத்திரத்தில் சேர்ந்து உண்கிறார்கள், நட்பு பிறக்கிறது. இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, முதலில் அவன் கடந்து போனான் என்பதை மித்ராஷ் மறைக்கவில்லை என்பதுதான்.

வாரமுறையின் பயனும் இங்கேதான் இருக்கிறது. தோரா முழுவதும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரம் ஒன்றாகவும் சில வாரங்களில் இரண்டு சேர்ந்தும், ஓர் ஆண்டில் வாசித்து முடிக்கப்படுகிறது. இந்த வாசிப்பு நிறைவைக் கொண்டாடும் சிம்ஹத் தோரா நாளில் உபாகமத்தின் கடைசி வரிகள் முடிந்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரிகள் தொடங்கிவிடுகின்றன. எதைப் படிக்கலாம் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் நீதிநூலைப் புரட்டுவது சண்டை வந்த பிறகு. அப்போது உங்களுக்குச் சாதகமான பக்கத்தில்தான் விரல் நிற்கும். கழுதைச் சட்டமோ, உங்களுக்குப் பகைவனே இல்லாத ஆண்டிலும் தன் முறை வந்ததும் வந்து நிற்கிறது. எந்தப் பக்கமும் சாயத் தேவையில்லாத மனத்தோடு அதை அப்போது யோசித்து வைக்க முடிகிறது.

தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு வேதனையான ஒரு பக்கமும் உண்டு. உபாகமத்தின் ‘கீ தெத்ஸே’ பகுதி கூலியை அன்றைக்கே கொடு, மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, பையில் இருவகை எடைக்கற்களை வைத்திராதே என்கிறது. அதே பகுதி போரில் சிறைபிடித்த பெண்ணைப் பற்றிய சட்டத்தோடு தொடங்கி, பகை இனமான அமலேக்கின் நினைவையே அழித்துவிடு என்ற கட்டளையோடு முடிகிறது. இவற்றுக்கெல்லாம் வழவழப்பான சமாதானம் சொல்லும் போதகர்களை நான் மதிப்பதில்லை. பெற்றோருக்கு அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் சட்டமும் அங்கேதான் இருக்கிறது. அப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை, ஆராய்ந்து பயன்பெறவே அது எழுதப்பட்டது என்ற கருத்தைத் தல்மூத் பதிவுசெய்கிறது. உடனே, நான் அப்படி ஒருவனைப் பார்த்திருக்கிறேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்திருக்கிறேன் என்ற ரப்பி யோனத்தானின் மறுப்பையும் பக்கத்திலேயே வைக்கிறது. தனக்கு எதிரான குரலை அழிக்காமல் வைத்திருக்கும் இந்த நேர்மைக்காகவே அந்த மரபை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்தப் படிப்பு அறிஞர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை நெகாமா லெய்போவித்ஸின் வாழ்க்கை காட்டுகிறது. 1905இல் ரீகாவில் பிறந்து 1930இல் பாலஸ்தீனத்துக்குக் குடியேறிய அந்த ஆசிரியை, 1942 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாரப் பகுதியைப் பற்றிய கேள்வித்தாள்களைத் தபாலில் அனுப்பிவந்தார். கிப்புத்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைகளின் உழவர்களும் படைவீரர்களும் ஆசிரியர்களும் விடை எழுதி அனுப்ப, அவற்றைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார். இடைக்கால உரையாசிரியர்களில் ராஷி இந்த இடத்தில் ஏன் இப்படிச் சொல்கிறார், ரம்பான் அதை ஏன் மறுக்கிறார், இருவரையும் உறுத்தியது எது என்பவை போன்ற கேள்விகளே அவற்றில் நிறைந்திருந்தன. இஸ்ரேல் பரிசு பெற்ற அவருடைய கல்லறையில், பெயரோடு ‘ஆசிரியை’ என்ற பட்டம்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே, அந்த நூல் உங்களுக்குப் பதில் சொல்லுமா என்று கேட்டால், வாசகரே, நீங்கள் விரும்பும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ அதில் கிடைக்காது. இந்தப் படிப்பை இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துச் செய்வதே வழக்கம். அதை ஹவ்ருத்தா என்பார்கள். உங்களை உடனே ஆமோதிக்கும் நண்பரை விட்டுவிட்டு, மறுத்துப் பேசக்கூடிய ஒருவரோடு அந்த ஒரு வசனத்தைப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் விட்டுப்போன விவரங்களை முதலில் அவரிடம் சொல்லுங்கள். மாதம் முடிவதற்குள் இதைச் செய்தால் உங்கள் சக ஊழியருக்கும் பயன்படும்.