போன் லைனில் ஓடுவது பேச்சா, ஃபேக்ஸா என்று நிரல் எப்படி உடனுக்குடன் கண்டுபிடிக்கும்?

நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: இறுதியாண்டு புராஜெக்டுக்கு லைனில் வருவது பேச்சா, ஃபேக்ஸா, மோடமா என்று உடனுக்குடன் பிரிக்க வேண்டும், நியூரல் நெட்வொர்க் இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். நான் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஆபீஸ்களுக்கு இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் மாட்டிக் கொடுக்கிற ஆள், எனக்குப் பழகிய சமாச்சாரம்தான்.

ஒரே ஒரு எண்ணை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். லைன் சிக்னல் நொடிக்கு 8000 சாம்பிளாக, அதாவது அந்தந்தக் கணத்தில் அளந்த எண்ணாக, வருகிறது இல்லையா, ஒவ்வொரு சாம்பிளையும் அதற்கு இரண்டு இடம் முன்னால் வந்ததோடு பெருக்கிக் கூட்டி, மொத்த ஆற்றலால் (சாம்பிள்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை) வகுத்துப் பாருங்கள். பேச்சின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அங்கே இரண்டு சாம்பிளுக்குள் அலை அவ்வளவாக மாறாது, விடை பிளஸ். ஃபேக்ஸ் தன் பக்கங்களை அனுப்பும் மோடம் முறைகளில் வி.29-இன் கேரியர் (தகவலைச் சுமக்கும் அலை) 1700 ஹெர்ட்ஸ், வி.27டெர்-இன் கேரியர் 1800, அதே இரண்டு சாம்பிளுக்குள் அலை ஏறக்குறைய தலைகீழாகிவிடும், விடை மைனஸ். இவ்வளவுதான் கணக்கு, சின்ன மைக்ரோகன்ட்ரோலரே போதும்.

ஆனால் 'ஷ' என்று யாராவது இழுத்தாலும் ஒரு கணம் மைனஸ் வரும். அதனால் 20 மில்லிசெகண்ட் துண்டாக, அதாவது 160 சாம்பிளாகப் பார்த்து, தொடர்ந்து பல துண்டுகள் ஒரே பதிலைச் சொன்னால் மட்டும் முடிவெடுங்கள். கூடவே ஆற்றலையும் கவனியுங்கள்: பேச்சு ஏறி இறங்கி, நடுவில் மூச்சு விடும், மோடம் ஒரே மட்டத்தில் இரைந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் டோன்கள். கூப்பிடும் ஃபேக்ஸ் 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி ஒலித்து 3 நொடி சும்மா இருக்கும், எடுக்கிற பக்கம் 2100. இந்த 1100-க்கு மேலே சொன்ன எண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், அதை நம்பினால் கோட்டை விடுவீர்கள். இங்கே கோர்ட்செல் வழிமுறை வேண்டும், 1958-லேயே வந்தது, வேண்டிய ஒன்றிரண்டு அதிர்வெண்ணை மட்டும் அளக்கும். விசில் அடிப்பவர்கள் இதை ஏமாற்றப் பார்ப்பார்கள், ஆனால் அந்த அரை நொடி, 3 நொடித் தாளத்தையும் சேர்த்துச் சோதித்தால் தப்பிக்கலாம்.

நம்ம ஊரில் இன்னொன்று. இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் கரகரப்பு வரும், அந்த இரைச்சலும் எண்ணைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். ஆகவே பிளஸ், மைனஸ் எல்லையை நடுவில் ஒரே கோடாகப் போடாமல், இடையில் 'தெரியவில்லை' என்று ஒரு பட்டை விடுங்கள். அந்தப் பட்டையில் விழுவதை என்ன செய்வது? என்னைக் கேட்டால் டேட்டா, அதாவது ஃபேக்ஸ் அல்லது மோடம், என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சைச் சுருக்காமல் 64 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 64 கிலோபிட்) அனுப்பினால் கொஞ்சம் இடம் வீண், அவ்வளவுதான். ஃபேக்ஸைப் பேச்சு என்று நினைத்து, பேச்சுக்கென்றே உள்ள ஜி.729 சுருக்க முறையில் சுருக்கினால் அந்த அழைப்பு அங்கேயே போச்சு. ஒருமுறை டேட்டா என்று முடிவான பிறகு பேச்சுக்குத் திரும்ப அவசரப்படவும் வேண்டாம், பக்கங்களுக்கு நடுவில் ஃபேக்ஸும் கொஞ்சம் மௌனமாக இருக்கும்.

சோதிக்க ஃபேக்ஸ் மெஷின் தேடி அலைய வேண்டாம். ஸ்பேன்டிஎஸ்பி என்ற திறந்த மூல நூலகம் வி.29 முதல் போன் பட்டனை அழுத்தினால் வரும் விசை டோன் வரை எல்லாவற்றையும் உருவாக்கித் தரும். பேச்சுக்கு வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள், பெண், குழந்தைக் குரல்களும் அதில் இருக்கட்டும்.