ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். அவரிடம் என்ன சொல்லித் தேற்றுவது?

உங்கள் தங்கையின் மகனுக்கு ஐந்து வயதில் ஆட்டிசம் என்று உறுதியானது, அதன் பிறகு அவர் உறவினர் கூடும் இடங்களுக்கு வருவதையும் தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டார், அவரிடம் என்ன சொல்லித் தேற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டிசம் உள்ள பதினாறு வயது மகனின் தந்தை நான். மருத்துவனும் அல்லன், உளவியல் படித்தவனும் அல்லன். ஆகவே இதை ஒரு குடும்பத்தின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "என்ன சொல்லி" என்று நீங்கள் கேட்ட அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது. எங்களிடம் ஏதாவது சொன்னவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. எங்களுக்காகப் பிறரிடம் சொன்னவர் ஒருவர்தான், அவர் என் அக்கா. உங்கள் தங்கைக்கு நீங்கள் அப்படி ஒருவராக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மகனுக்கு அப்போது ஆறு வயது. நானும் மனைவியும் அக்காவும் அவனை அழைத்துக்கொண்டு ரயில் நிலையக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கி எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. வண்டி தாமதம் என்ற ஒரே அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்தது. அவன் முதலில் காதுகளைப் பொத்தினான். பிறகு காது மடல்களை மடித்து விரலால் உள்ளே அழுத்தினான். நான்காவது அறிவிப்பில் தரையில் சாய்ந்து, பின்மண்டையைத் தரையில் மோதத் தொடங்கினான். என் மனைவி தன் உள்ளங்கையை அவன் தலைக்கு அடியில் கொடுத்துவிட்டாள். அவன் மோதிய ஒவ்வொரு முறையும் அவளுடைய புறங்கை தரையில் இடிபட்டது. சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். "இரண்டு அடி போட்டால் எழுந்துவிடுவான்" என்றார் ஒருவர். "பெற்றால் போதுமா, வளர்க்கத் தெரிய வேண்டாமா" என்றார் ஓர் அம்மையார். ஓர் இளைஞர் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தார்.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்பதை எழுதாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு உரிமையில்லை. பத்தடி தள்ளி, கால அட்டவணைப் பலகைக்கு முன்னால், யாரோ ஒரு பயணியைப் போல அதைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வண்டியின் எண் எனக்கு மனப்பாடம். அந்தப் பலகையில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்தக் கூட்டத்தில் எவரும் "இது யார் பிள்ளை" என்று கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்பது ஒன்றே என் எண்ணமாக இருந்தது. என்னைத் திட்ட விரும்புவோர் தாராளமாகத் திட்டலாம். ஆனால் இன்று இதைப் படிக்கும் தந்தையருள் சிலராவது அந்தப் பலகைக்கு முன்னால் நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் வாங்கப் போயிருந்த அக்கா திரும்பி வந்தார். புட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்துக்கு முதுகு காட்டி, அவனை மறைத்தாற்போல் தரையில் உட்கார்ந்தார். பிறகு கழுத்தை மட்டும் திருப்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இவனுக்கு ஆட்டிசம். இந்தச் சத்தம் தாங்கவில்லை. பத்து நிமிடத்தில் சரியாகிவிடுவான், கொஞ்சம் விலகி நின்றால் உதவியாக இருக்கும்." கைபேசி வைத்திருந்தவரிடம், "தம்பி, அதைப் பைக்குள் வைத்துவிடுங்கள்" என்றார். அவர் வைத்துவிட்டார். சற்று முன் வளர்ப்பைப் பற்றிப் பேசிய அதே அம்மையார், ஒலியைக் குறைக்கச் சொல்வதற்காக விசாரணை அறைக்கு நடந்து போனார். அக்கா என்னையும் ஒரு முறை பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. நான் வந்து உட்கார்ந்தேன்.

அன்றிரவு வண்டியில் மனைவியின் புறங்கையில் தோல் உரிந்திருந்த இடத்தை அக்கா துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "அண்ணி, அத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்குப் பகீர் என்றது. அப்புறம்தான் மூச்சே வந்தது." மூன்று ஆண்டுகளாக நாங்கள் உறவினரிடம் "கொஞ்சம் தாமதமாகப் பேசுவான்" என்று மட்டுமே சொல்லிவந்தோம். மூடி மறைப்பதற்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது என்பது அந்த உழைப்பு நின்ற பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

இதை எங்கள் குடும்பத்தின் பலவீனம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருவர் மீது விழும் களங்கம் அவருக்கு நெருக்கமானவர்கள் மீதும் படியும் என்று எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-லேயே எழுதியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் இதை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த டேவிட் கிரே, தந்தையரைவிடத் தாய்மாரே இதை அதிகம் உணர்கிறார்கள் என்று 1993-இல் வெளியிட்டார். அதைப் படித்தபோது எனக்குக் கால அட்டவணைப் பலகைதான் நினைவுக்கு வந்தது. ஆட்டிசத்துக்கு உடலில் வெளித்தெரியும் அடையாளம் இல்லை. ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு அது குழந்தையின் நிலையாகப் படாமல் தாயின் வளர்ப்பாகவே படுகிறது. அடம் பிடிக்கும் குழந்தை யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் கவனிக்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். புலன்கள் தாங்காமல் உடைந்துபோகும் குழந்தைக்குச் சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. எதைக் கொடுத்தாலும் நிற்காது. சத்தமோ வெளிச்சமோ குறைந்து, நேரம் கழிந்தால்தான் அடங்கும். இந்த வேறுபாட்டை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவராவது இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார் என்பது என் ஊகம். நீங்கள் அப்படி எழுதவில்லை. தவறாக ஊகித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்பின் தெரியாதவர் பார்வைக்கு அஞ்சுபவர் கடைத்தெருவுக்குத்தான் போகாமல் இருப்பார். தொலைபேசியை எடுக்காதவர் தெரிந்த குரலுக்கே அஞ்சுகிறார்.

எங்கள் வீட்டில் அந்தக் குரல் என் தாயாருடையது. "அவள் வேலைக்குப் போனாள், பிள்ளை தனிமையில் வளர்ந்தான், அதுதான் இப்படி" என்று என் மனைவியின் காதுபடவே சொல்லுவார். அம்மாவை இங்கே குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனமில்லை, ஏனென்றால் படித்த மேதைகளே அதைச் சொல்லியிருக்கிறார்கள். 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய மருத்துவர் லியோ கேனர், அந்தப் பெற்றோரில் அன்பின் வெதுவெதுப்பு உள்ளவர்கள் மிகச் சிலரே என்றும் எழுதிவைத்தார். அதிலிருந்து "குளிர்பதனப் பெட்டித் தாய்" என்ற வசை பிறந்தது. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் அதை நூலாகவே எழுதிப் பரப்பினார். அதற்கு முன்பே, 1964-இல், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது உடலியல் சார்ந்தது, வளர்ப்பால் வருவதன்று என்று வாதிட்டிருந்தார். 1969-இல் கேனரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977-இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் சிலரில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து வந்தவர்களில் ஓர் இணையில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு அப்போதே தெளிவாகிவிட்டது. ஆயினும் ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்துவிட்டார்கள், இன்னும் சுமக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு பயனும் இல்லை. மகன் சொல்வதை மருமகளுக்குப் பரிந்து பேசுவதாகவே எடுத்துக்கொண்டார். அக்காதான் அவரைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் நேரில் அழைத்துப் போனார். அங்கே அம்மாவிடம் எவரும் வாதாடவில்லை. பயிற்சியாளர் அவர் கையில் ஒரு படஅட்டையைக் கொடுத்து, "பாட்டி, நீங்கள் காட்டுங்கள், அவன் என்ன செய்கிறான் பார்ப்போம்" என்றார். தண்ணீர்க் குவளை வரைந்த அட்டை அது. பேரன் அதை வாங்கி, சற்று நேரம் பார்த்து, அவர் மடியில் திருப்பி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துத் தண்ணீர் இருக்கும் மேசைக்கு இழுத்துப் போனான். அன்றைக்குப் பிறகு, என் மனைவி வேலைக்குப் போனதைப் பற்றி அம்மா பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, மனைவி அதை எதிர்பார்க்கவும் இல்லை. உங்கள் வீட்டிலும் பேசுகிற வாய் ஒன்று இருந்தால், உங்கள் தங்கை அதற்கு விளக்கம் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அக்கறை என்ற பெயரில் காணொளிகளை அனுப்புகிறவர்கள் பிள்ளைகளின் தாய்மாருக்குச் செய்யும் கொடுமை கொஞ்சமன்று. ஆறு மாதத்தில் குணமாக்குகிறேன் என்பவரின் முகவரி, விட்டுவிட வேண்டிய உணவுகளின் பட்டியல், தடுப்பூசியால்தான் வந்தது என்ற செய்தி என்று நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் "நீ இதைச் செய்யவில்லை" என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கும். அந்தத் தடுப்பூசிச் செய்தியை நம்பி, தானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்ட ஊசியை நினைத்து என் மனைவி பல இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறாள். 12 குழந்தைகளை வைத்து 1998-இல் எழுதப்பட்டு அந்த அச்சத்தைக் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்விலும் தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. அவள் அதைப் படித்த பிறகும், அந்தத் தூக்கம் போன இரவுகளை எவரும் திருப்பித் தரவில்லை. பயிற்சிகள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். என் மகன் இன்று தன் தேவைகளைக் கருவியில் தட்டிச் சொல்வது பயிற்சியால்தான். உங்கள் தங்கைக்கு எதையும் அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இதைப் படித்தால், "களங்கம் எங்கள் மீதுதானே, எப்போதும் பெற்றோரின் துன்பத்தையே பேசுகிறீர்களே" என்று கேட்கக்கூடும். கேட்பது நியாயம்தான். அக்கா நிலையத்தில் சொன்ன வாக்கியத்தை நாங்கள் சில ஆண்டுகள் எங்கு போனாலும் சொல்லிவந்தோம். மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, பேருந்தில் நான் அதைத் தொடங்கியதும் அவன் என் வாயைக் கையால் மூடினான். அன்று முதல் அவனைக் கேட்காமல் நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. இப்போது அவனே பையிலிருந்து காதுமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான்; பெரும்பாலும் அதைப் பார்த்தே மற்றவர்கள் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் தங்கை மகனுக்கு ஐந்து வயதுதான். இன்னும் சில ஆண்டுகள் அவனுக்காக நீங்கள் பேசலாம், ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

கேனரின் கட்டுரையில் முதலாவதாக வரும் சிறுவனின் கதையை என் மனைவி அடிக்கடி சொல்லுவாள். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் ட்ரிப்லெட் அவர். மருத்துவர்கள் சொன்னபடி மூன்று வயதில் அவரை ஒரு காப்பகத்தில் விட்ட பெற்றோர், ஏறத்தாழ ஓராண்டில் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். அவர் அந்த ஊரிலேயே வளர்ந்து, வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்து, கார் ஓட்டி, தனியாக நாடுகள் சுற்றி, 2023-இல் 89 வயதில் இறந்தார். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆவார்கள் என்று சொல்ல மாட்டேன்; என் மகன் தனியாகப் பயணம் செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு வசதியும் இருந்தது. ஆனால் என் மனைவிக்கு அந்தக் கதையில் பிடித்தது வங்கியும் காரும் அன்று. ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது என்பதுதான்.

ஆகவே தங்கையிடம் சொல்வதற்குச் சொல் தேடாதீர்கள். அவர் வீட்டுக்குப் போங்கள், பையனோடு தரையில் உட்காருங்கள், அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பாருங்கள். முதல் சில முறை அவன் உங்களைச் சட்டை செய்ய மாட்டான், பரவாயில்லை. அவனைத் தனியாக இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். என் அக்காவுக்கு அதற்கு ஏழெட்டு வாரங்கள் ஆயின. எந்தச் சத்தத்துக்கு முன் அவன் தோள்கள் உயரும், எந்த விளக்கை அணைக்க வேண்டும், எப்போது தொடக் கூடாது என்பதையெல்லாம் ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு மாலை, "நீங்கள் இருவரும் எங்காவது போய்விட்டு வாருங்கள்" என்றார். நானும் மனைவியும் வாசலுக்கு வந்து நின்றபோது எங்கே போவதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. தெருமுனை வரை நடந்தோம், ஒரு மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட்டோம். உள்ளே அக்காவும் அவனும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, புட்டி மூடிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்த சத்தத்துக்கு இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.